உள்ளே போங்க மாப்பிள்ளை

பேருந்துப் பணிமனையில் அவரைப் பிரேக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பிரேக் பிரிவில் வேலை பார்ப்பதால் வந்த பெயர் என்று புதிதாகச் சேருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது பாதிதான் சரி. ஊரில் ஓடுகிற அத்தனை பேருந்துக்கும் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து அனுப்புகிற மனிதருக்குத் தன் வாய்க்கு மட்டும் ஒன்று மாட்டிக்கொள்ளத் தெரியவில்லை. அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஓட்டுநர்கள் வயிற்றெரிச்சலில் வைத்த பெயர் அது.

அவருக்குக் கோபம் வராத விஷயம் என்று ஒன்றைச் சொல்வது கஷ்டம். சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு நட்டை எங்கோ உருட்டிவிடும் ஆட்கள்மேல் கோபம். பேருந்துக்கு அடியில் பள்ளத்துக்குள் நின்று அவர் வேலை செய்யும்போது மேலேயிருந்து எட்டிப் பார்த்து "முடிஞ்சுதா?" என்று கேட்கிறவர்கள்மேல் கோபம். வீட்டில் பற்பசையை நடுவில் பிடித்துப் பிதுக்கும் மனைவிமேல் கோபம். இதெல்லாம் சில்லறை. பெரிய கோபத்தை வாரம் முழுக்கச் சேர்த்துவைத்து, சனிக்கிழமை மதியம் கால்பந்து மைதானத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார்.

கொட்டுவதற்கு அங்கே தோதான இடமும் இருந்தது. கிழக்குக் கோலுக்குப் பின்னால் சிமென்ட் படிகள், மேலே தகரக் கூரை. அந்தக் கூரைக்கடியில் ஒருவர் தும்மினால் நூறு பேர் தும்மியதுபோல இருக்கும். படிக்கும் கோல் வலைக்கும் நடுவில் ஒரு கம்பி வேலி மட்டும்தான். கோல்கீப்பர் மூக்கு உறிஞ்சுவதுகூடப் படியில் கேட்கும். டாஸில் ஜெயித்தால் அணியின் கேப்டன், இரண்டாம் பாதியில் இந்தக் கோலை நோக்கி அடிக்கிற மாதிரிதான் பக்கம் கேட்பார். கடைசி நேரத்தில் கால் சோரும்போது சொந்த ரசிகர்களின் குரல் தூக்கிவிடுமாம்.

எங்கே தூக்கிவிட்டது? அணி தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்பது அந்த அணிக்குப் புதிதில்லை. சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு சாயங்காலம் பயிற்சிக்கு வருகிறவர்கள், அவர்களிடம் கோப்பையை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சீசனில் தோற்கிற விதம்தான் சகிக்க முடியாததாக இருந்தது. முதல் பாதியில் மனிதர்கள் மாதிரி ஆடுவார்கள், ஒரு கோல்கூடப் போட்டுவிடுவார்கள். இரண்டாம் பாதியில் பந்து அழகாகக் கிழக்குக் கோலுக்கு முன்னால் வரும், குறுக்கே உருண்டு போகும், தொட ஒரு நாதி இருக்காது. அதற்குள் எதிரணி தன் வேலையை முடித்துவிடும்.

படியில் பிரேக்காரருக்கு வலப்பக்கம் ஒரு பல் டாக்டர், இடப்பக்கம் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற பெயிண்டர். வருஷக்கணக்காக அதே படி, அதே வரிசை, அதே சண்டை.

"நாலு-அஞ்சு-ஒண்ணு எல்லாம் ஒரு ஃபார்மேஷனாய்யா?" பிரேக்காரர்தான் ஆரம்பிப்பார். "ஒத்த ஆள முன்னாடி விட்டுட்டு மிச்சப் பேரெல்லாம் நடுவுல நின்னு என்ன மாநாடா நடத்துறாங்க? முன்னாடி ரெண்டு பேர நிறுத்தச் சொல்லு. ஒருத்தன் டிஃபென்ஸ இழுத்துட்டுப் போனா இன்னொருத்தன் அடிப்பான். இத கண்டுபிடிக்க ஒரு கோச்சு வேற, அதுக்கு ஒரு விசில் வேற!"

"ரெண்டு பேர முன்னாடி அனுப்பினா நடுவுல ஓட்டை விழும்," என்பார் டாக்டர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "நம்ம டிஃபென்ஸ் ஏற்கெனவே சொத்தைப் பல்லு. நடுவுல அஞ்சு பேரு அடைச்சு நிக்கறதாலதான் மானம் கொஞ்சம் மிச்சமிருக்கு."

"ரெண்டும் இல்ல," என்று பெயிண்டர் குறுக்கே விழுவார். "செவுரு அடிக்கறவன் ஓரத்துலேருந்துதான் ஆரம்பிப்பான். இவனுங்க எப்பப் பாரு நடுவுலயே முட்டிக்கிறானுங்க. ரெண்டு விங்குலயும் ஏறி வந்து பந்த உள்ள போடணும்."

"போட்டா? எடுக்க அங்க யாரு இருக்கா, உங்க மாமாவா?"

இந்தக் கேள்வி வந்ததும் சண்டை நின்றுவிடும். மூன்று பேரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்ப்பார்கள். முன்வரிசையில் ஒற்றை ஆளாக ஆடுகிற அந்த நெட்டையன், பார வண்டி மாதிரி உடம்பு, நல்ல ஓட்டம், தலையால் முட்டினால் பந்து வலையைக் கிழிக்கும். முதல் பாதியில் பெனால்டி பாக்ஸுக்குள் சிங்கம் மாதிரி நிற்பான். இரண்டாம் பாதியில் பாக்ஸுக்கு வெளியே, கோட்டைத் தாண்டினால் அபராதம் போடுவார்கள் என்பதுபோல நின்றுகொண்டிருப்பான். மூச்சில்லை என்றார் பெயிண்டர். கோச் பின்னால் இழுத்து ஆடச் சொல்கிறார் என்றார் டாக்டர். பிரேக்காரர் ஆராய்ச்சியெல்லாம் செய்யவில்லை, வாராவாரம் திட்டித் தீர்த்தார். ஒரு நாள் எழுந்து நின்றார்.

"டேய்! தெருவுல நிக்கற கம்பமாவது லைட்டு காட்டும்டா! நீ எதுக்குடா நிக்கற? உள்ள போடா, கம்பம்!"

தகரக் கூரை அதிர்ந்தது. படி முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அந்த ஆட்டக்காரனுக்குக் கம்பம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நான்கு பேர் சேர்ந்தால் பாட்டாகவே பாடினார்கள். பிரேக்காரருக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை. பெயர் வைத்தவர் அவரல்லவா.

வாதத்தில் அவரை ஜெயித்தவர் ஒருவர்தான், அதுவும் அநியாயமாக. கடைவாய்ப் பல் வலி தாங்காமல் ஒரு நாள் டாக்டரிடம் போனார். நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே பஞ்சு, குழாய், ஊசி எல்லாவற்றையும் வைத்தபிறகு டாக்டர் நிதானமாக ஆரம்பித்தார். ஒற்றை ஃபார்வர்டு ஏன் போதும், நடுவில் ஐந்து பேர் ஏன் அவசியம், இரண்டு ஃபார்வர்டு என்பது எப்படிப் பழைய காலத்துக் கற்பனை. பிரேக்காரர் கண்ணை உருட்டினார், காலை உதைத்தார், தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் எழுப்பினார்.

"ஒத்துக்கறீங்கன்னு எடுத்துக்கறேன்," என்றார் டாக்டர். "வாய கொப்பளிங்க."

கொப்பளித்துவிட்டு அவர் பேசிய பேச்சில் வெளியே காத்திருந்த இரண்டு நோயாளிகள் வலி இல்லை என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அவருக்கு ஒரே மகள். மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அப்பாவின் குரல் மகளுக்கு வரவில்லை, பிடிவாதம் மட்டும் சிந்தாமல் சிதறாமல் வந்திருந்தது. சீசன் முடிந்திருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம், "அவரக் கூட்டிட்டு வரேன், பாருங்க. கணுக்கால் எக்ஸ்ரே எடுக்க வந்தப்ப பழக்கம். டைல்ஸ் ஒட்டற வேலை பண்றாரு, நல்லவரு" என்றாள். கால்பந்து ஆடுகிறவர் என்பதைச் சாமர்த்தியமாக விட்டுவிட்டாள்.

அழைப்பு மணி அடித்ததும் பிரேக்காரர்தான் கதவைத் திறந்தார். வாசலில் கம்பம் நின்றுகொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் பழப்பை.

பக்கத்தில் மகள் நிற்கிறாள், பின்னால் மனைவி நிற்கிறாள். ஏதாவது சொல்லியாக வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "உள்ள வாங்க" என்றார்.

அந்த நெட்டை மனிதன் அடி வாங்கியவன்போல ஓரடி பின்னால் போனான். பழப்பை கையிலிருந்து நழுவியது. வெட்கப்படுகிறார் என்று மனைவி நினைத்தாள். பிரேக்காரர் எதையும் நினைக்கவில்லை, உருண்டோடிய ஆரஞ்சுகளைத் துரத்திப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, கொஞ்சம் பேருக்குச் சாப்பாடு, அவ்வளவில் கல்யாணம் முடிந்தது. கம்பம் மாப்பிள்ளை ஆகிவிட்டது. இதுவரை 'டா' போட்ட வாய் இப்போது 'ங்க' போட வேண்டும். வேறு யாராக இருந்தாலும் பிரேக்காரர் கேள்வி கேட்டிருப்பார். மாப்பிள்ளை என்றால் மாப்பிள்ளைதான், அதில் வாதம் கிடையாது. உட்காருங்க மாப்பிள்ளை, சாப்பிடுங்க மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க மாப்பிள்ளை. அந்தப் பையனும் தங்கமானவன். "சரிங்க மாமா", "போதுங்க மாமா" என்பதற்குமேல் வாய் திறக்க மாட்டான். மாமனார் பேசும்போது தட்டைவிட்டு நிமிரவும் மாட்டான்.

ஒரு நாள் கேட்டே விட்டார். "மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. ரெண்டாவது பாதியில நீங்க பாக்ஸுக்குள்ள வர்றதில்லையே, கோச்சு வேணாம்னு சொல்றாரா?"

மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "அப்படித்தாங்க மாமா."

அது போதும் பிரேக்காரருக்கு. ஆள் குற்றமில்லை, ஃபார்மேஷன் குற்றம்! தான் தொண்டை கிழியச் சொன்னதேதான்! பக்கத்தில் இன்னொரு ஃபார்வர்டு இருந்தால் மாப்பிள்ளை வெளியே நிற்க வேண்டிய அவசியமே இல்லை. புதிய சீசன் தொடங்கியதும் இந்தச் சேதியோடு படிக்குப் போனார். யாரும் காது கொடுக்கவில்லை.

"நேத்து வரைக்கும் கம்பம், இன்னிக்கு கோச்சு சரியில்லையா?" என்றார் பெயிண்டர். "மாப்பிள்ளைக்கு வக்காலத்து வாங்க வந்துட்டியாக்கும்."

"யோவ், நான் எத்தனை வருஷமா ரெண்டு ஃபார்வர்டுன்னு சொல்லிட்டிருக்கேன்!"

"அப்ப அவர டீம விட்டுத் தூக்கச் சொன்னீங்க," என்று டாக்டர் பொறுமையாக நினைவுபடுத்தினார். "இப்ப அவருக்குத் துணைக்கு ஆள் கேக்கறீங்க. ரெண்டும் ஒண்ணு இல்லையே."

பிரேக்காரர் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய அவமானம் நடந்ததில்லை. பணிமனையில் மேலதிகாரி அவர் பேச்சைக் கேட்டதில்லை, வீட்டில் மனைவி கேட்டதில்லை, அதைப்பற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை. அந்தச் சிமென்ட் படியில்தான் அவர் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அவர் எழுந்தால் படி எழும், அவர் கைதட்டினால் படி தட்டும். அந்த மதிப்பு ஒரு கல்யாணத்தில் போய்விட்டது. இனி அவர் எதைச் சொன்னாலும் அது மாமனார் சொல்.

அந்த ஆத்திரத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு சனிக்கிழமைதான் அந்தக் கூத்து நடந்தது. இரண்டாம் பாதி. வலது விங்கிலிருந்து பந்து அருமையாக உள்ளே வந்தது. மாப்பிள்ளை வழக்கம்போலக் கோட்டுக்கு வெளியே. எதிரணி கோல்கீப்பர் நோகாமல் வந்து பந்தை எடுத்துக்கொண்டார். எல்லோரும் சலித்துப்போய் மூச்சு விட்ட அந்த நேரத்தில் பிரேக்காரர் தன்னை மறந்து எழுந்தார். வாய் பழைய வேகத்தில் திறந்தது. ஆனால் நாக்குக்குப் பழகிப்போன மரியாதை குறுக்கே வந்து விழுந்தது.

"உள்ள போங்க மாப்பிள்ளை!"

அந்தப் படி கட்டப்பட்ட நாளிலிருந்து ஒரு ஆட்டக்காரனைப் பார்த்து யாரும் 'ங்க' போட்டுக் கத்தியதில்லை. படி முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு பெயிண்டர் மெதுவாக எழுந்து, மைதானத்தைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"தயவுசெஞ்சு உள்ள போங்க மாப்பிள்ளை!"

"ஷூவ கழட்டிட்டு வாங்க மாப்பிள்ளை!" இது இரண்டு படி மேலே.

"பாத்துப் போங்க மாப்பிள்ளை, வழுக்கும்!"

"கோல் போட்டுட்டு சாப்பிட வாங்க மாப்பிள்ளை!"

தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போகாத குறை. மைதானத்தில் மாப்பிள்ளையின் காது சிவந்ததை இங்கிருந்தே பார்க்க முடிந்தது. அதன்பிறகு அவன் பாக்ஸ் பக்கமே வரவில்லை, நடு மைதானத்திலேயே நின்றுவிட்டான். அணி தோற்றது.

மறுநாள் மகள் தனியாக வந்தாள். பிரேக்காரர் சமையலறையில் சொட்டுகிற குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு, அதைச் செய்தவனைத் திட்டிக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை.

"அப்பா, அவர் ரெண்டாவது பாதியில ஏன் உள்ள வர்றதில்லன்னு கண்டுபிடிச்சீங்களா? நீங்க, அந்த டாக்டர், அந்தப் பெயிண்டர், மூணு பேரும் இவ்வளவு நாளா ஆராய்ச்சி பண்றீங்களே?"

"கோச்சுதான்மா. ஒத்த ஃபார்வர்ட வெச்சுக்கிட்டு..."

"கோச்சு தினமும் உள்ள போ, உள்ள போன்னுதான் திட்டறாரு. இவரால முடியல. அந்தக் கோலு பக்கம் போனா உங்க குரல் கேக்குது. அது கேட்டாலே காலு கட்டிப்போட்ட மாதிரி ஆயிடுது. நேத்தைக்கு மட்டும் இல்லப்பா, போன சீசன்லேருந்து. அவர் போட்ட கோலெல்லாம் எந்தப் பக்கம்? நல்லா யோசிச்சுப் பாருங்க."

பிரேக்காரர் குறடைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். எந்தக் கோலை யார் எந்தக் காலால் அடித்தார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மனிதர். மாப்பிள்ளை போட்ட ஒவ்வொரு கோலும் கண்முன்னால் வந்தது. எல்லாம் மேற்குக் கோல். எல்லாம் மைதானத்தின் அந்தக் கோடியில், அவர் குரல் எட்டாத இடத்தில்.

"முதல் நாள் இங்க வந்தப்ப நீங்க வாசல்ல 'உள்ள வாங்க'ன்னீங்க. அப்பவே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு, இது அந்தக் குரல்தான்னு. எங்கிட்டயே இப்பதான் சொன்னாரு. மாமா மனசு நோகும், அவர்கிட்ட சொல்லாதேன்னாரு."

பிரேக்காரருக்கு முதலில் வந்தது வருத்தமில்லை. கோபம்தான் வந்தது, அவரிடம் வேறென்ன இருக்கிறது? "கால்பந்து ஆட வந்தவருக்குக் காது எதுக்கு? ஊர்ல எல்லாரும்தான் கத்துறாங்க! இத்தனை நாளா என் வீட்டுல உக்காந்து சாப்பிட்டாரே, வாயத் திறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? மாமா கத்தாதீங்கன்னு சொன்னா நான் என்ன கடிச்சா வெச்சிருப்பேன்?"

"உங்கள எதுத்து யாருப்பா பேச முடியும்? அம்மா பேசியிருக்காங்களா? நான் பேசியிருக்கேனா?" மகளின் குரல் உடைந்தது. அழுகையில் இல்லை, ஆத்திரத்தில். "இனிமே அந்தப் படியில உக்காந்து நீங்க வாயத் திறந்தது எனக்குத் தெரிஞ்சா, நான் இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். இது சும்மா சொல்றது இல்ல."

அவள் போய்விட்டாள். மனைவி அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவர்மேல் பரிதாபப்படுகிறாளா, மகளை மெச்சுகிறாளா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அன்றைக்குக் குழாய் சரியாகவில்லை, சொட்டிக்கொண்டே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை படியில் ஆட்டம் தொடங்குமுன் இரண்டு பேரிடமும் விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது, இருந்தாலும் சொன்னார். "ஃபார்மேஷன் இல்லய்யா. நம்ம வாய்தான். நம்ம வாயிக்குப் பயந்துதான் அவர் உள்ள வரல. கொஞ்ச நாளு சும்மா இருந்து பாப்போம்."

டாக்டர் முகம் மலர்ந்தது. "அப்ப ஃபார்மேஷன்ல தப்பில்லன்னு ஒத்துக்கறீங்க. ஒரு ஃபார்வர்டு போதும்."

"அடப் பாவிகளா, நான் என்ன சொல்றேன், நீங்க என்ன பேசறீங்க!"

"புதுசா கதை கட்டறான்," என்றார் பெயிண்டர். "மூச்சில்லன்னா மூச்சில்லன்னு சொல்லு. நாம கத்தறதாலதான் தோக்குறாங்களாமே! அப்ப ஜெயிச்ச ஆட்டத்துக்கெல்லாம் நமக்கு சம்பளம் குடுத்தாங்களா?"

பிரேக்காரர் பேசாமல் உட்கார்ந்தார். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கத்தவில்லை, ஆனால் படி கத்தியது. 'கம்பம்' என்ற பழைய பாட்டும், 'உள்ள போங்க மாப்பிள்ளை' என்ற புதிய பாட்டும் மாறி மாறி வந்தன. இரண்டும் அவர் போட்டுக் கொடுத்த மெட்டு. விளக்கை அணைக்கிற மாதிரி அதை அணைக்க ஒரு சுவிட்ச் இருந்தால் அமுக்கியிருப்பார். ஒவ்வொரு வாரமும் போனார், ஒவ்வொரு வாரமும் பல்லைக் கடித்தார். மகள் ஞாயிறுகளில் வரவில்லை. அம்மாவோடு போனில் பேசினாள், அப்பாவைக் கேட்கவில்லை.

சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. சமன் செய்தாலே தப்பிக்கலாம், தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். ஆட்டக்காரர்களின் குடும்பங்கள் உட்காரும் பக்கத்தில் மகள் இருந்தாள். தூரத்திலிருந்தே அப்பாவைப் பார்த்தாள், திரும்பிக்கொண்டாள்.

முதல் பாதியிலேயே எதிரணி ஒன்று போட்டது. இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மாப்பிள்ளை கோட்டுக்கு வெளியே தவித்துக்கொண்டிருந்தான். உள்ளே ஓரடி வைப்பான், படி ஊளையிடும், ஓரடி பின்வாங்குவான். பிரேக்காரர் அதை இப்போதுதான் கண்கொண்டு பார்த்தார். கூரை அதிரும்போதெல்லாம் அந்தத் தோள் சுருங்குவது தெரிந்தது. பெரிய உடம்புக்காரன், மழையில் நனைகிறவன்போலத் தோளைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"உன் மாமனாரு வீட்டுல போட்டது பத்தலியாடா, கம்பம்?" என்று பெயிண்டர் எழுந்து நின்று கத்தினார். "தெம்பே இல்லாம நிக்கற!"

பிரேக்காரருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. விடுவிடுவென்று படியிறங்கி வேலியோரம் போய், மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, படியிலிருந்த அத்தனை பேரையும் பார்த்துக் கத்தினார்.

"வாய மூடுங்கடா! எல்லாரும் மூடுங்க! மனுசன ஆட விடுங்கடா! உங்க வாயி இருக்கே, அது வாயா? சாக்கடையா?"

படி சும்மா இருக்குமா? பதிலுக்கு அவரைக் கத்தியது. அவர் இன்னும் கத்தினார். அவர் குரல் கூரையில் மோதி, பத்து மடங்காகி, மைதானத்துக்குள் விழுந்தது. அந்த நேரத்தில் இவர்கள் அணிக்கு ஒரு கார்னர். வேலியோரம் ஒதுங்கிக் கிடந்த பந்தை எடுக்க மாப்பிள்ளையே ஓடி வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு மாமனார். அவர் யாரைத் திட்டுகிறார், எதற்குத் திட்டுகிறார் என்பதெல்லாம் அவன் காதில் விழவில்லை. இரண்டு சீசனாகக் காலைக் கட்டிப்போட்ட அதே குரல், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில்.

"யோவ்!" என்றான் மாப்பிள்ளை.

பிரேக்காரர் திரும்பினார்.

"நீ மொதல்ல வாய மூடிட்டு உக்காருய்யா!"

படி அப்படியே செத்துப்போனது. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் யாருக்கோ மாமனார், மீதிப் பேர் யாருக்கோ மாப்பிள்ளை. கம்பம் என்பார்கள், தெம்பில்லை என்பார்கள், ஆட்டக்காரனின் பரம்பரையையே இழுப்பார்கள், அதெல்லாம் ஆட்டத்தில் சகஜம். ஆனால் பெண்ணைக் கொடுத்த மனிதரை, அத்தனை பேர் முன்னால், 'யோவ்' என்பதா? 'நீ' என்பதா? பெயிண்டர் திறந்த வாயை மூடாமல் நின்றார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

பிரேக்காரர் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

அந்த நிசப்தத்தில் கார்னர் அடிக்கப்பட்டது. மாப்பிள்ளை ஓடி வந்தான், கோட்டைத் தாண்டினான், உள்ளே நுழைந்தான், எம்பினான். நெற்றியில் பந்து பட்ட சத்தம் கேட்டது, வலையில் விழுந்த சத்தமும் கேட்டது. கிழக்குக் கோலில் அவன் போட்ட முதல் கோல். யாரும் கத்தவில்லை. கத்தலாமா கூடாதா என்று தெரியாமல் படி முழுக்கப் பிரேக்காரரின் முகத்தைப் பார்த்தது.

"என் மூஞ்சில என்னய்யா இருக்கு?" என்றார் அவர், தணிந்த குரலில். "கோலு விழுந்திருக்கு. அதப் பாருங்க."

பிறகுதான் கூரை அதிர்ந்தது. பெயிண்டர் கீழே ஓடி வந்து அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். "எந்திரிய்யா! கோலுய்யா!"

"கையை எடு. மாப்பிள்ளை உக்காரச் சொல்லியிருக்காரு."

மீதி நேரம் முழுக்க உட்கார்ந்தே பார்த்தார். அதன்பிறகு கோல் விழவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று தோற்று, அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அடுத்த வருஷம் எந்த ஃபார்மேஷன் என்று கேட்கக்கூட யாருக்கும் மனசில்லை.

வெளிவாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது.

"நீங்க வாயத் திறந்தீங்க," என்றாள். "நான் கேட்டேன். அத அப்புறம் பேசிக்கலாம். ஆனா அவர் உங்களை எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசினது தப்புப்பா. உள்ள உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டிருக்காரு, மாமா மூஞ்சில எப்படி முழிப்பேன்னு."

"தப்பா?" பிரேக்காரருக்கு அன்றைக்கு வந்த கோபங்களிலேயே பெரியது அப்போதுதான் வந்தது. குரல் மட்டும் ஏறவில்லை. "என்ன தப்பு? முதல் நாள் வாசல்ல நின்னாரே, அன்னைக்கே இந்த வார்த்தைய சொல்லியிருந்தா நாம இன்னிக்குக் கீழ இறங்கியிருக்க மாட்டோம். போய்ச் சொல்லு அவர்கிட்ட."

மகளின் முகத்தில் இருந்த கடுகடுப்பு கொஞ்சம் தளர்ந்தது.

"நீங்களே சொல்லுங்க," என்றாள். "குளிச்சிட்டு வந்துடுவாரு. மூணு பேருமா வீட்டுக்குப் போயிடலாம், அம்மா தனியா இருப்பாங்க."